உஷார்! வருஷ பிளானுக்குத் தலையாட்டும் முன்...

"சார், பன்னெண்டு மாசம் கட்டினா ரெண்டு மாசம் ஃப்ரீ. ரவுட்டர் ஃப்ரீ. இன்ஸ்டலேஷன் ஃப்ரீ. இன்னைக்கு மட்டும்தான் சார்!"

அடுக்ககத்து கேட் ஓரம் குடை நட்டு, மடக்கு மேஜை போட்டு, கழுத்தில் அடையாள அட்டையுடன் நிற்கும் பையன் இப்படித்தான் கூப்பிடுகிறான். நாளைக்குப் போனாலும் இதையேதான் சொல்வான். அடுத்த மாதமும் 'இன்னைக்கு மட்டும்தான்'. அவனைக் கோபித்துப் பயனில்லை, அவனுக்கு டார்கெட். ஆனால் நீங்கள் போனை எடுத்து ஜிபேயைத் திறப்பதற்குள் இதைப் படித்துவிடுங்கள். பன்னிரண்டு மாதப் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது.

வீட்டு இணையத்தில் மக்கள் ஏமாறுவது பெரும்பாலும் விலையில் அல்ல. வேகத்தில்கூட ஓரளவுக்குத்தான். கையைச் சுட்டுக்கொள்வது முன்பணத்தில். ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டிய மறு நிமிடம், அந்த நிறுவனத்துக்கு உங்கள்மேல் இருந்த பயம் போய்விடும். 'இவர் அடுத்த மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விடுவாரோ' என்ற பயம் ஒன்றுதான் உங்கள் வீட்டு வயரைச் சரிசெய்ய ஆள் அனுப்புகிறது.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்தால் கொஞ்சம் பழைய கதையைப் பாருங்கள். பி.எஸ்.என்.எல். தன் 'டேட்டாஒன்' பிராட்பேண்டை 2005 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில் தொடங்கியது. நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே பிராட்பேண்ட் என்று அரசு இலக்கணம் வகுத்திருந்த காலம் அது. பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணிவரை கணக்கில்லாமல் பயன்படுத்தலாம் என்று ஒரு திட்டம் வந்தது. அலாரம் வைத்து எழுந்து படம் டவுன்லோடு போட்டுவிட்டு மறுபடி படுத்த ஒரு தலைமுறையே இங்கே உண்டு. வேறு வழி இருந்தால் யார் அப்படித் தூக்கம் கெட்டிருப்பார்கள்?

பிறகு போட்டி வந்தது. 2019 செப்டம்பர் 5ஆம் தேதி ஜியோஃபைபர் வணிகரீதியாகக் களமிறங்கியபோது அதன் ஆரம்பத் திட்டம் 699 ரூபாய், அதிலும் டேட்டாவுக்கு வரம்பு உண்டு. சரியாக ஒரு வருஷம் கழித்து 2020 செப்டம்பரில் அதே ஜியோ 399 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ் வேகத்தில் 'அன்லிமிடெட்' என்று இறங்கியது. ஒரு வாரத்துக்குள் ஏர்டெல் 499 ரூபாய்க்கு 40 எம்பிபிஎஸ் என்றது. அடுத்த மாதமே பி.எஸ்.என்.எல். 449 ரூபாய்த் திட்டத்தைக் கொண்டுவந்தது. யாருக்கும் திடீரென்று மனம் இளகிவிடவில்லை. ஊரடங்கில் வீடே அலுவலகமும் பள்ளியுமாக மாறியிருந்தது. அந்த வாடிக்கையாளரை அடுத்தவன் தட்டிக்கொண்டு போய்விடுவானோ என்ற பதற்றம்தான் விலையை இறக்கியது.

போட்டி சுருங்கினால் என்ன ஆகும் என்பதற்கும் ஆதாரம் கையிலேயே இருக்கிறது, உங்கள் செல்போன்தான். 2024 ஜூலை முதல் வாரத்தில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா என்று மூன்று தனியார் நிறுவனங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மொபைல் கட்டணத்தை உயர்த்தின. அப்போதும் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குத் தாவும் வசதியாவது மொபைலில் இருந்தது. 2011 முதல் நாடு முழுக்க அது நடைமுறையில் உள்ளது. வீட்டு இணையத்துக்கு அப்படி ஒரு வசதியே கிடையாது. மாற வேண்டுமென்றால் புது வயர், புதுப் பெட்டி, சுவரில் புது ஓட்டை, அதற்கு வீட்டுக்காரர் அனுமதி. மாறுவதே இவ்வளவு பாடு என்றிருக்கும்போது, முன்பணத்தையும் தூக்கிக் கொடுத்தால் நீங்களாகவே போய் மாட்டிக்கொள்கிறீர்கள் என்றுதான் அர்த்தம்.

கணக்கு போட்டுவிடலாம். 100 எம்பிபிஎஸ், மாதம் 799 ரூபாய் என்று போஸ்டரில் பெரிதாக இருக்கும். மூலையில் எறும்பு சைஸ் எழுத்தில் 'வரிகள் தனி'. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 943 ரூபாய். (399 என்பது 471, 499 என்பது 589, 999 என்பது 1,179. விலையை ஒப்பிடும்போது ஒருவரிடம் வரியோடும் இன்னொருவரிடம் வரி இல்லாமலும் கேட்டுவிட்டு 'இது சீப்பு' என்று முடிவுசெய்பவர்கள் ஏராளம்.) பன்னிரண்டு மாதத்துக்குக் கட்டினால் 11,314 ரூபாய். 'இரண்டு மாசம் ஃப்ரீ' என்பதன் மதிப்பு 1,886 ரூபாய். சரி, ஆறே மாதத்தில் நீங்கள் வீடு மாறுகிறீர்கள், புது ஏரியாவில் அந்த கம்பெனியின் லைன் இல்லை. அல்லது வாரம் ஒருமுறை லைன் போய் வெறுத்துவிட்டது. மீதிப் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்பது சலுகைத் திட்டங்களின் நிபந்தனையில் வழக்கமாக இருக்கும் வரி. அப்படியானால் ஆறு மாதம் பயன்படுத்த நீங்கள் கொடுத்தது 11,314. மாதத்துக்கு 1,886 ரூபாய். இரட்டிப்பு விலை!

வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும். பதினோரு மாத அக்ரிமெண்டில் குடியிருந்துகொண்டு பதினான்கு மாத இணையம் வாங்குவது என்ன லாஜிக் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

பணத்தை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இணையத்தை வீடுவரை கொண்டுவருபவர் உங்கள் பழைய கேபிள் டி.வி. அண்ணன்தான். பி.எஸ்.என்.எல். ஃபைபரே பல இடங்களில் இப்படி உள்ளூர் ஆபரேட்டர்களோடு வருமானத்தைப் பங்கிட்டுத்தான் ஓடுகிறது. இதில் தப்பில்லை. சொல்லப்போனால் இரவு பத்து மணிக்கு போன் அடித்தால் ஏணியோடு வந்து நிற்பவரும் அவர்தான், எந்தக் கால்சென்டரும் அதைச் செய்யாது. ஆனால் அவர் இன்று ஒரு கம்பெனி, நாளை வேறு கம்பெனி என்று மாறுகிற ஆள். "அக்கா, நாம இப்ப அந்த கம்பெனி விட்டுட்டோம்கா, புதுசுல ஒரு ஐடி போட்டுத் தரேன்" என்பார். பழைய கம்பெனிக்குக் கட்டிய எட்டு மாதப் பணம்? "அது அவங்ககிட்டதான் கேக்கணும்கா." கம்பெனியிடம் கேட்டால் உங்கள் பெயரில் ஒரு மாதம் ஒரு மாதமாகத்தான் ரீசார்ஜ் ஆகியிருக்கும். நீங்கள் மொத்தமாகக் கொடுத்தது அவருடைய சொந்த யுபிஐ எண்ணுக்கு. ரசீது கிடையாது.

ஆகவே பணத்தைக் கம்பெனியின் ஆப்பிலோ வெப்சைட்டிலோ மட்டும் கட்டுங்கள். அண்ணனுக்குச் சிரமம் என்றால் டீக்குக் காசு தனியாகக் கொடுத்துக்கொள்ளலாம்.

28 நாள் வேலிடிட்டியா, 30 நாளா, காலண்டர் மாதமா என்றும் கேளுங்கள். 28 நாள் என்றால் வருஷத்துக்குப் பதின்மூன்று ரீசார்ஜ்.

அடுத்து வேகம். 100 எம்பிபிஎஸ் என்பதில் உள்ளது மெகாபிட், மெகாபைட் அல்ல. எட்டால் வகுத்தால் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட். 'நூறு வாங்கினேன், டவுன்லோடு பன்னிரண்டுதான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டான்' என்று சண்டைக்குப் போகாதீர்கள், அங்கே அவன் பக்கம்தான் நியாயம். உங்களை ஏமாற்றுவது 'வரை' என்ற குட்டிச் சொல். '100 எம்பிபிஎஸ் வரை.' பத்து கொடுத்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.

அந்த 'வரை' எங்கே தேய்கிறது என்று பார்க்கலாம். ஃபைபரில் பரவலாக உள்ள ஜிபான் தொழில்நுட்பத்தில், ஒரு ஒளியிழை சுமார் இரண்டரை கிகாபிட் வேகத்தில் உங்கள் தெருவுக்கு வரும். அதை ஸ்ப்ளிட்டர் என்ற சின்னப் பெட்டியில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். 64 வீட்டுக்கும் ஆளுக்கு 100 எம்பிபிஎஸ் விற்றால் மொத்தம் 6,400. உள்ளே வருவது 2,500. இது மோசடி இல்லை, எல்லாரும் ஒரே நொடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை என்பதால் ஓடுகிறது. காலை பதினொரு மணிக்கு ஜம்மென்று வரும். ஐ.பி.எல். இறுதிப்போட்டி இரவில், தெருவே டி.வி.யைப் போட்ட பிறகு பாருங்கள். தெருக்குழாயில் எல்லா வீட்டுக்காரரும் மோட்டார் போட்ட மாதிரிதான்.

அதையும் தாண்டி, சிறிய ஆபரேட்டர் மேலேயிருந்து எவ்வளவு பேண்ட்விட்த் மொத்தமாக வாங்கியிருக்கிறார் என்பது ஒன்று இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. வாடிக்கையாளர் இரண்டு மடங்காகியும் மேலே வாங்குவதை அவர் கூட்டாவிட்டால், ராத்திரி ஒன்பது மணிக்கு எல்லாருக்கும் வட்டம் சுற்றும். ஆனால் யூடியூப் மட்டும் நன்றாக ஓடக்கூடும். கூகுள், நெட்ஃப்ளிக்ஸ் போன்றவை அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் நகலை இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே சர்வர் வைத்துச் சேமிப்பதால் அவை வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. அலுவலக வேலைக்கான விபிஎன் மட்டும் முக்கும். 'யூடியூப் நல்லா வருதே சார்' என்று டெக்னீஷியன் காட்டிவிட்டுப் போவதற்குப் பின்னால் இருக்கும் ரகசியம் இதுதான்.

ஸ்பீடு டெஸ்டும் அப்படியே. ஆப்பைத் திறந்ததும் அது தானாகப் பக்கத்துச் சர்வரைத் தேர்ந்தெடுக்கும், பல நேரம் அது உங்கள் கம்பெனியின் சர்வராகவே இருக்கும். அங்கே 98 காட்டுவது அவர்கள் வீட்டுத் திண்ணைவரை ரோடு நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. சர்வரை மும்பைக்கோ சிங்கப்பூருக்கோ மாற்றி, இரவு ஒன்பது மணிக்கு, லேப்டாப்பில் லேன் வயரைச் சொருகி ஒரு தடவை சோதியுங்கள். நெட்ஃப்ளிக்ஸ் நடத்தும் 'ஃபாஸ்ட்' தளத்திலும் சோதித்து இரண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பின்னால் புகார் கொடுக்க உதவும்.

லேன் வயர் எதற்கு? வைஃபையில் சோதித்தால் குற்றவாளி யார் என்றே தெரியாது. இலவசமாகத் தரும் ரவுட்டர்களில் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ளவை. அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று. ஒரு அடுக்ககத்தில் இருபது ரவுட்டர்கள் அந்த மூன்றுக்குள் நெரிபடும். 300 எம்பிபிஎஸ் பிளான் போட்டாலும் பல வீடுகளில் 30, 40ஐத் தாண்டாது. போதாக்குறைக்கு ரவுட்டரை டி.வி.க்குப் பின்னால், ஸ்டீல் பீரோவுக்குப் பக்கத்தில் ஒளித்து வைப்போம். சில பெட்டிகளில் லேன் போர்ட்டே 100 எம்பிபிஎஸ் வகை. அதில் 94க்கு மேல் வராது, நீங்கள் எந்தப் பிளானுக்குக் காசு கட்டினாலும் சரி. பெரிய பிளானுக்கு மாறச் சொல்பவரிடம் முதலில் கேளுங்கள்: "தம்பி, ரவுட்டர் டூயல் பேண்டா? போர்ட் கிகாபிட்டா?" பதில் வராவிட்டால் பழைய பிளானே போதும்.

உண்மையில் எவ்வளவுதான் தேவை? எச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 என்று நெட்ஃப்ளிக்ஸே சொல்கிறது. வீடியோ மீட்டிங்குக்கு மூன்று, நான்கு போதும். இரண்டு டி.வி., இரண்டு மீட்டிங், பிள்ளைகளின் ரீல்ஸ் எல்லாம் சேர்த்தாலும் நாற்பது, ஐம்பது. நிலையாக வருகிற 50, வந்து வந்து போகிற 300ஐவிட உசத்தி. ஆன்லைனில் பாடம் எடுப்பவர்கள், வீடியோ ஏற்றுபவர்கள் மட்டும் அப்லோடு வேகம் எவ்வளவு என்று தனியாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் போஸ்டரில் இருப்பது டவுன்லோடு. டவரிலிருந்து சிக்னல் வாங்கும் ஏர்ஃபைபர் வகை இணைப்புகளில் இரண்டுக்கும் இடைவெளி பெரிதாக இருக்கும். வீட்டு சிசிடிவி கேமராவை (டி.வி.ஆர்.) வெளியிலிருந்து நேரடியாகப் பார்ப்பவர்கள், ஐபி முகவரி உங்களுக்கே தனியா, பலருக்கும் பொதுவா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

'ஃபைபர்' என்று சொல்லி வந்தது ஃபைபர்தானா? இதைக் கண்ணாலேயே சோதிக்கலாம். வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும் வயர் மெல்லியதாக, நுனியில் பச்சை அல்லது நீல நிறச் சின்ன சதுர பிளாஸ்டிக் கனெக்டரோடு ஒரு பெட்டியில் சொருகப்பட்டிருந்தால் ஃபைபர். பெட்டியில் பான், லாஸ் என்று விளக்குகள் இருக்கும். லாஸ் சிவப்பாக மின்னினால் ஒளி வரவில்லை, எங்கோ அறுந்திருக்கிறது, ரவுட்டரை எத்தனை முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் வராது. அதற்குப் பதில் தடித்த லேன் கேபிள் ஒன்று மொட்டைமாடியிலிருந்து நேராக இறங்கி ரவுட்டரில் சொருகியிருந்தால், ஃபைபர் உங்கள் கட்டடத்தோடு, அல்லது தெருமுனையோடு நின்றுவிட்டது. மாடியில் இருக்கும் சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் ஓடினாலும் அங்கே கரண்ட் போனால் நெட் போகும், இடி இடித்தால் போர்ட்டே கருகும். இரண்டுக்கும் ஒரே விலை சொல்கிறார்கள் என்பதுதான் கொடுமை.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்கும் வாலைத் தேடிப் பாருங்கள். பெரிய நிறுவனங்களின் ஃபைபர் திட்டங்களில் மாதம் 3,300 ஜிபி என்ற வரம்பு பரவலாக உண்டு. சாதாரணக் குடும்பத்துக்கு அது எட்டாத உயரம், கவலை வேண்டாம். ஏர்ஃபைபரில் 1,000 ஜிபி என்று போட்டிருந்தால்தான் கவனம். 4கே படம் மணிக்கு 7 ஜிபி வரை தின்னும். தினம் ஐந்து மணிநேரம் ஓடினால் மாதக் கடைசியில் கதை முடிந்தது. வரம்பு எவ்வளவு, அதற்குமுன் வேகம் என்ன, பின் வேகம் என்ன ஆகிய மூன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016லேயே உத்தரவிட்டிருக்கிறது. மூன்றாவதைக் கட்டாயம் கேளுங்கள். 256 கிலோபிட்டாக இருந்த பிராட்பேண்ட் இலக்கணம் 2013இல் 512 ஆகி, 2023 ஜனவரியில் 2 எம்பிபிஎஸ் ஆனது. வரம்புக்குப் பின் வேகம் அந்த இரண்டுக்கு இறங்கினால் ஒரு எச்.டி. படம்கூட ஓடாது.

இத்தனையும் ஒப்பிட்டு ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்த பிறகு, அடுக்ககத்து அசோசியேஷன் செயலாளர் சொல்வார்: "நம்ம பிளாக்ல அவங்களுக்கு மட்டும்தான் சார் பர்மிஷன்." சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய வளாகங்களில் இதைச் சகஜமாகக் கேட்கலாம். பில்டரோ அசோசியேஷனோ ஒரே ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டு மற்றவர்களின் வயரை உள்ளே விடாமல் வைப்பது. நகரில் பத்து கம்பெனிகள் மோதிக்கொண்டால் உங்களுக்கென்ன, உங்கள் கேட்டுக்குள் போட்டியே கிடையாது. கட்டடங்களுக்குள் இப்படி ஒருவருக்கே ஏகபோகம் கொடுக்கக் கூடாது, உள்கட்டமைப்பைப் பகிர வேண்டும் என்று டிராய் 2017இல் பரிந்துரைத்தது. 2024 அக்டோபரில் கட்டடங்களுக்கு டிஜிட்டல் இணைப்பு வசதியை வைத்து நட்சத்திர மதிப்பீடு தரும் விதிமுறையும் வந்தது. ஆனால் உங்கள் ஷாஃப்டுக்குள் இரண்டாவது வயர் இறங்குவதைப் பொதுக்குழுவில் கேள்வி கேட்கும் நான்கு பேர்தான் தீர்மானிக்க முடியும். அசோசியேஷனுக்கு அந்த நிறுவனம் ஏதாவது தொகை தருகிறதா, எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் திடீரென்று அமைதி நிலவும்.

வீடு வாங்குபவர்களும் வாடகைக்குப் பார்ப்பவர்களும் தண்ணீர் எப்படி என்று கேட்கிறோமே, அதோடு எத்தனை கம்பெனி நெட் வரும் என்றும் கேளுங்கள். குறைந்தது இரண்டு.

கிராமங்களில் நிலைமை வேறு. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்க டான்ஃபிநெட் என்ற அரசு நிறுவனம் உருவாக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகம்வரை இழை வந்தாலும் அங்கிருந்து வீட்டுக்கு இழுக்க உள்ளூரில் ஆள் வேண்டும். ஒரே ஆள்தான் இருக்கிறார் என்றால் விலை பேசும் வலிமை உங்களுக்கு இல்லை. அங்கே வருஷப் பணம் கட்டுவது இன்னும் ஆபத்து.

ஒப்பிடுவதற்கு எந்த இணையதளப் பட்டியலும் தேவையில்லை. உங்கள் மாடியில், உங்கள் தெருவில் அதே கம்பெனியை வைத்திருப்பவரிடம் இரண்டு கேள்வி போதும்: கடைசியாக எப்போது லைன் போனது? எத்தனை நாளில் வந்தது? ஒரே கம்பெனி வேளச்சேரியில் தங்கமாகவும் மேடவாக்கத்தில் தகரமாகவும் இருக்கும், ஏனென்றால் கடைசி ஐந்நூறு மீட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வேறு. ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் ஒரு அம்மாவிடம் லைன் ஆள் சொன்னதைக் கேளுங்கள்: "மெயின்லயே கட்டுக்கா. ஈபிகாரங்க மரம் வெட்டுனதுல போயிடுச்சு. நாளைக்கு வந்துடும்." மறுநாளும் அதே 'நாளைக்கு'. பெற்றோர்கள் போன்மேல் போன். அவர் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் வகுப்பை ஒப்பேற்றினார். மாதாமாதம் கட்டுபவராக இருந்திருந்தால் அன்றைக்கே பக்கத்துத் தெரு கம்பெனியைக் கூப்பிட்டிருப்பார். அவர் கட்டியிருந்தது ஒரு வருஷத்துக்கு.

சரி, ஏற்கெனவே கட்டித் தொலைத்துவிட்டேன், லைன் படுத்துகிறது, என்ன செய்ய என்கிறீர்களா? போனில் கத்துவதோடு நிறுத்தாதீர்கள். புகாரைப் பதிவுசெய்து டாக்கெட் எண் வாங்குங்கள். எண் தராத புகார் புகாரே இல்லை. தீரவில்லையா, அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். டிராய் விதிப்படி நிறுவனங்கள் அப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும், 39 நாளில் அவர் முடிவு சொல்ல வேண்டும், கட்டணம் கிடையாது. பலர் நேராக டிராய்க்கு எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை.

அடுத்தது நுகர்வோர் வழி. தொலைத்தொடர்பு நிறுவனத்தை நுகர்வோர் மன்றத்துக்கு இழுக்க முடியாது என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், 2009இல் வந்த ஒரு தீர்ப்பைக் காட்டி. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வோடபோன் ஐடியா தொடர்பான வழக்கில் தாராளமாக இழுக்கலாம் என்று தெளிவுபடுத்திவிட்டது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்ச ரூபாய்வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டுகளும் டாக்கெட் எண்களும் இங்கேதான் பேசும்.

இன்னொரு உஷார். லைன் போனதும் கூகுளில் 'கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடி, முதலில் வரும் எண்ணை அழைக்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களை அங்கே விதைத்து வைத்திருக்கிறார்கள். "கேஒய்சி அப்டேட் பண்ணணும், இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க, பத்து ரூபாய் மட்டும் கட்டுங்க" என்று பேச்சு வந்தால் அடுத்த நொடி போனை வையுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சரியான எண் உங்கள் பில்லிலும் கம்பெனி ஆப்பிலும் இருக்கிறது. அப்படியே ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், வயர் இழுக்க வந்த பையனுக்கு அது தெரியும்.

லைனை நிறுத்தும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்டாலே முடிந்தது என்று நினைக்காதீர்கள். போஸ்ட்பெய்ட் இணைப்பு என்றால் பில் ஏறிக்கொண்டே போகும், பிறகு வசூல் ஏஜென்சியிலிருந்து போன் வரும். நிறுத்தச் சொல்லி மின்னஞ்சலிலோ ஆப்பிலோ எழுத்தில் கேளுங்கள், டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். ஆட்டோபே போட்டிருந்தால் யுபிஐ ஆப்பில் போய் ரத்து செய்யுங்கள். 'ஃப்ரீ' என்று தந்த ரவுட்டர் பெரும்பாலும் அவர்களுடைய சொத்து, திருப்பித் தராவிட்டால் அதற்கும் காசு கேட்பார்கள். பெட்டியின் அடியில் உள்ள சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துப்போக வருபவரிடம் அந்த எண்ணும் தேதியும் போட்டு ரசீது வாங்காமல் அடாப்டரைக்கூடக் கொடுக்காதீர்கள்.